கில்நாக்கி மாதிரி ஒரு கிளப் நிஜத்தில் ஃபைனல் வரை போக முடியுமா?

திரைக்கதைப்பித்தன்:
ராபர்ட் டுவால் ஸ்காட்லாந்து கால்பந்து மேனேஜராக நடித்த ‘எ ஷாட் அட் க்ளோரி’ பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. மீனவ ஊரின் சின்ன கிளப் கில்நாக்கி. அதன் அமெரிக்க முதலாளி டீமையே டப்ளினுக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார். அந்த டீம் ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனலில் கிளாஸ்கோவின் பெரிய அணியான ரேஞ்சர்ஸோடு மோதுகிறது. ஒரு கால்பந்துக் கதை எழுதுகிறேன், அதற்காகக் கேட்கிறேன்: இதில் எவ்வளவு நம்பும்படியானது? ஆட்டக் காட்சிகள் எடுபடுவதற்கு என்ன செய்திருப்பார்கள்?

வலதுவிங்:
டப்ளின் விஷயம் அப்படியே நிஜத்தில் இருந்தது. கிளைட்பேங்க் கிளப் தன் சொந்த மைதானமான கில்போவி பார்க்கை 1996இல் இழந்தது. பிறகு பக்கத்து ஊர் டம்பார்ட்டனின் போக்ஹெட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம். அந்த ஆண்டுகளில்தான் கிளப்பை டப்ளினுக்கு மாற்றும் யோசனை கிளம்பியது, அயர்லாந்தில் எதிர்ப்பு வந்து நின்றுபோனது. படத்தில் கில்நாக்கியின் மைதானமாக வருவதும் அதே போக்ஹெட்தான். 2002இல் கிளைட்பேங்கை வாங்கியவர்கள் அதை ஏர்ட்ரி யுனைடெட் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே 1995இல் எடின்பரோவின் மெடோபேங்க் திசில், லிவிங்ஸ்டன் என்ற பெயரில் வேறு ஊருக்குப் போயிற்று. ஆக உங்கள் கதையில் முதலாளியை வில்லனாக்க வேண்டியதில்லை. மைதானம் போனால் டிக்கெட் வருமானம் போகும், பிறகு ஊரை விட்டுப் போவதுதான் கணக்குக்குச் சரியாகத் தெரியும். அந்தக் கணக்கைக் காட்டினாலே போதும்.

ஃபைனலுக்குப் போவதும் நடக்கக்கூடியதுதான். ஸ்காட்டிஷ் கோப்பைக் குலுக்கலில் பெரிய அணிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வழக்கம் கிடையாது. அவை ஒன்றையொன்று வெளியே தள்ளலாம். 2006ஐப் பாருங்கள். கிளைட் 2–1 என்று இன்னொரு பெரிய அணியான செல்டிக்கை வெளியே அனுப்பியது. ஹிப்ஸ் அணி, ரேஞ்சர்ஸை அதன் சொந்த மைதானமான ஐப்ராக்ஸிலேயே 3–0 என்று அடித்தது. ஏறத்தாழ 3,000 பேர் வாழும் எல்லையோர ஊர் கிரெட்னா, அதன் அணி அப்போது லீக்கின் மூன்றாம் அடுக்கில் இருந்தது. கிளைட், செயிண்ட் மிர்ரன், அரையிறுதியில் டண்டி (3–0) என ஃபைனல் வரை ஒரு முதல் அடுக்கு அணியைக்கூடச் சந்திக்கவில்லை.

ஃபைனலில் ஹார்ட்ஸோடு 1–1. கிரெட்னாவின் கோல் வந்த விதத்தைக் கவனியுங்கள்: 76ஆம் நிமிடம் மெக்கஃபியின் பெனால்ட்டியை ஹார்ட்ஸ் கோல்கீப்பர் கோர்டன் தடுத்தார், திரும்பி வந்த பந்தை மெக்கஃபியே உள்ளே அடித்தார். பெனால்ட்டி ஷூட்அவுட்டில் 4–2 என்று தோல்வி. படம் வந்து ஆறு வருஷம் கழித்து நடந்தது இது. படத்தின் முடிவும் பெனால்ட்டித் தோல்விதான். ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனல் முதன்முதலாக பெனால்ட்டியில் முடிவானது 1990இல், அபர்டீன் 9–8 செல்டிக்.

ஆறாவதுரீல்:
காட்சிகளைப் பற்றிச் சொல்கிறேன். முக்கியமான முடிவு நடிகர் தேர்வுதான். ஜாக்கி மெக்குயிலனாக வரும் அல்லி மெக்காயிஸ்ட், ரேஞ்சர்ஸுக்காக 355 கோல் அடித்தவர், படம் எடுத்த காலத்தில் கில்மார்னக்கில் ஆடிக்கொண்டிருந்தார். பந்து காலுக்கு வரும் முன்பே இடுப்பு திரும்பும், நிற்கும் காலின் முட்டி மடங்கும். அதை நடிகருக்கு இரண்டு மாதத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. காலை மட்டும் தனியாக எடுத்து ஒட்டினால் ரசிகன் உடனே கண்டுபிடித்துவிடுவான். நடிகரை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கோல்கீப்பர் ஆக்குங்கள். ஃபிரேமில் அவர் தனியாகத்தான் இருப்பார், பந்தை கேமராவுக்குப் பக்கத்திலிருந்து கையால் எறிந்து வாங்கலாம். இந்தப் படத்தில் கோல்கீப்பராக வருபவர் கோல் ஹவுசர் (Cole Hauser), தொழில்முறை நடிகர்.

கோலைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்: பந்து வலைக்குள், அதற்கு முன் மூன்று தொடுதல், மொத்தம் ஐந்தாறு வினாடி. கெடுப்பவர்கள் பெரும்பாலும் டிஃபெண்டர்கள். கோல் விழப்போவது தெரிந்தால் கால் தானாகவே அரை வினாடி தாமதிக்கும். “இந்த ஆளை விடாதே” என்று மட்டும் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். நாலு டேக்கில் ஒன்று சரியாக வரும்.

மறந்துபோவது மாதம். பெரிய அணிகள் கோப்பைக்குள் நுழைவது ஜனவரியில். ஸ்காட்லாந்தில் அப்போது நாலு மணிவாக்கில் இருட்டிவிடும், மூன்று மணி ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க ஃப்ளட்லைட்டில்தான். கோல் முன்னால் புல்லே இருக்காது, சேறுதான். ஃபைனல் மே மாதம், கிளாஸ்கோவின் பெரிய மைதானமான ஹாம்ப்டனில் பச்சைப் புல், வெயில். இந்த மாற்றமே பார்ப்பவனுக்கு நாலு மாதம் ஓடியதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மூன்று ஜெர்சி வையுங்கள்: சுத்தமானது, அரைச் சேறு, முழுச் சேறு. இல்லையென்றால் எடிட்டிங் டேபிளில் 80ஆம் நிமிடத்து ஜெர்சி பளபளக்கும்.

திரைக்கதைப்பித்தன்:
ரொம்ப நன்றி. கூட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? கதை 1960களில் நடந்தால் என்ன மாறும்?

ஆறாவதுரீல்:
சின்ன மைதானத்துக்கு 200 பேர் தாராளம். ஒரே ஸ்டாண்டில் நெருக்கி உட்காரவைத்து, கேமராவைத் தாழ வைத்து, மப்ளரையும் கோட்டையும் மாற்றி மாற்றி எடுங்கள். ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். சின்ன மைதானத்தில் ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்க வேண்டும், ஹாம்ப்டனில் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல்.

வலதுவிங்:
1960கள் என்றால் 1967 ஜனவரி 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன கிளப்பான பெரிக் ரேஞ்சர்ஸ் 1, கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் 0. கோல் அடித்தவர் சாமி ரீட். பெரிக்கின் கோல்கீப்பரும் மேனேஜரும் ஒரே ஆள், ஜாக் வாலஸ். தோற்ற அணி அதே சீசனில் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை ஃபைனல் வரை போனது. ஆனால் ஃபாரஸ்ட், மெக்லீன் என்ற அதன் இரண்டு ஃபார்வர்டுகள் அதற்குப் பிறகு ரேஞ்சர்ஸ் ஜெர்சி போடவே இல்லை. வாலஸோ பின்னாளில் அதே ரேஞ்சர்ஸுக்கு மேனேஜராகி 1976இலும் 1978இலும் உள்நாட்டுக் கோப்பைகள் மூன்றையும் ஒரே சீசனில் வாங்கிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் ஆட்டம் டிராவானால் பெனால்ட்டி கிடையாது, இன்னொரு நாள் மறுஆட்டம். சின்ன கிளப்புக்கு அதுதான் வேண்டும்: பெரிய மைதானத்து டிக்கெட் வசூலில் பங்கு வரும். அதனால் கடைசிப் பத்து நிமிடம் 0–0 என்றால் பின்னால் எட்டு பேரை நிறுத்துவார்கள், அதை அப்படியே எழுதுங்கள்.