மறு: கீழே விழுந்த மடிக்கணினிக்கான பரிசோதனை – ‘ஊமையடி’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் பழுதறி மென்பொருளில் ‘டிராப் டெஸ்ட்’ என்று ஓர் இடத்திலும் ‘டிராப் டேமேஜ் செக்’ என்று இன்னோர் இடத்திலும் வருகிறது. நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டுக்குமே ‘வீழ்ச்சிச் சோதனை’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டால், பொத்தானைப் பார்ப்பவர் கணினியை இன்னொரு முறை கீழே போடச் சொல்கிறார்களோ என்று நினைக்க இடம் இருக்கிறது.

முதலாவது, ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே போட்டுப் பார்ப்பது. ‘ராணுவத் தரம்’ என்று விளம்பரங்களில் வருகிறதே, அந்த அமெரிக்க எம்ஐஎல்-எஸ்டிடி-810 ஆவணத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. கான்கிரீட் மேல் பதித்த ஒட்டுப்பலகையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை, ஒவ்வொன்றும் ஒரு தடவை அடிவாங்கும். அந்த 26-ஐயும் ஒரே கருவி தாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஐந்து கருவிகள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை. சரி, இதற்கு ‘வீழ்ச்சிச் சோதனை’ இருக்கட்டும்.

இரண்டாவது, தவறி விழுந்த கணினியில் அடி பட்டிருக்கிறதா என்று தேடுவது. அதுதான் நம் அன்றாடப் பிரச்சினை. முதுகுப்பையில் கணினியோடு பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் இருசக்கர வண்டி ஓட்டுகிற ஊர் இது. இங்கே மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் மெக்கானிக் இருக்கிறார். விழுந்த கணினி வந்தால் முதலில் ஆன் செய்யவே விட மாட்டார். காதருகே வைத்து மெதுவாகச் சாய்ப்பார். உள்ளே திருகு எதுவும் கழன்று உருண்டால் சத்தம் வரும், அது மதர்போர்டில் பட்டுக் கிடக்கும்போது மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் ஆகிவிடும். பிறகு கண்ணாடி மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவார். ஆட்டம் இருந்தால் அடிப்பக்கம் வளைந்திருக்கிறது, அல்லது பேட்டரி உப்பியிருக்கிறது. டச்பேட் லேசாக மேலே எழும்பியிருந்தால் அதுவும் பேட்டரி வேலைதான். இதெல்லாம் முடிந்தபின் ஆன் செய்து, மூடியை மிக மெதுவாக முழுவதும் திறந்து மூடுவார். ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் திரை மினுக்கினால், கீல் வழியாகப் போகிற டிஸ்ப்ளே கேபிளைத்தான் முதலில் பார்ப்பார். திரை முழுக்க இருட்டாக இருந்தால் எச்டிஎம்ஐ-யில் வெளித்திரையை மாட்டுவார். அதில் படம் வந்துவிட்டால் போர்டு பிழைத்தது, பேனல் பக்கம் பார்த்தால் போதும்.

அவர் வாயிலிருந்து வந்த சொல்தான் நான் முன்வைப்பது. ‘வெளியே கீறலே இல்லை சார், ஆனா ஊமையடி பட்டிருக்கு’ என்றார். மரத்திலிருந்து விழுந்த பையனுக்கு ரத்தமே வராமல் உள்ளே கன்றிப்போகுமே, அந்த ஊமைக்காயம்தான்.

> ‘உட்சேதம்’ என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் அது இடத்தை மட்டும்தான் சொல்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பேனல் உடைந்து மை கொட்டியதுபோலத் தெரிவதும் உட்சேதம்தான். அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே வேண்டாம். நமக்கு வேண்டியது, இன்றைக்கு ஓடிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் கழுத்தறுக்கிற கோளாறு. ‘டிரை சோல்டர்’ என்கிறார்களே, அதுபோல. சிப்புக்கு அடியில் ஈயப்பற்று முடி அளவு விரிசல் விட்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டு வேலை செய்யும், சூடேறினால் விட்டுப்போகும். ‘உள்ளடி’ என்று ஒருவர் சொன்னார். அரசியல் செய்தி படிக்கிறவர்களுக்கு அது வேறு வேலை.

> ‘ஊமை’ என்ற சொல்லை இன்று தவிர்க்கிறோம் அல்லவா?

மனிதரைக் குறிக்கத் தவிர்க்கிறோம், தவிர்க்கத்தான் வேண்டும். ஊமைவெயில், ஊமைக்காயம் போன்றவற்றில் யாரையும் குறிக்கவில்லை என்பது என் கட்சி. ஆனாலும் திரையில் தினமும் தெரியப்போகிற சொல் என்பதால் எதிர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. பெரும்பான்மையினருக்கு உறுத்தினால் ‘மறையடி’ என்று மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் செய்த சொல்லாகத் தெரிகிறது, ஆனால் பொருள் கெடவில்லை.

> எஸ்எஸ்டி வந்தபின் இதற்கெல்லாம் சொல் எதற்கு?

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம் என்பதால் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) காலத்துப் பயம் குறைந்தது உண்மை. அப்போது தட்டு சுழல்கையில் விழுந்தால், தரவைப் படிக்கும் தலை தட்டில் மோதித் தரவு போய்விடும். அதற்காகத்தான் 2003-இல் ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினியில் அசைவை உணரும் முடுக்கமானியை வைத்து, ஆபத்தான அசைவு தெரிந்ததும் தலையை ஒதுக்கி நிறுத்த ஏற்பாடு செய்தது. முக்கால் மீட்டர் மேசையிலிருந்து தரைக்கு வர 0.4 நொடிகூட ஆகாது, அதற்குள் முடிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை, ஆனால் இணைப்பி தளரும், ஈயப்பற்று விரியும். பேட்டரியோ இரண்டு காலத்துக்கும் பொது. அதோடு பழைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வன்தட்டு தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ எண்களின் அட்டவணை நம் மென்பொருளில் உண்டு, அதில் 191, 197 இரண்டும் வருகின்றன. 191 அதிர்வால் வந்த பிழைகளின் எண்ணிக்கை, 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். விழுந்தபின் 197 ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் சோதிக்காமல் முதலில் தரவை நகலெடுக்க வேண்டும். எச்சரிக்கை வரியில் இது தெளிவாக வர வேண்டும். கலைச்சொல்லைவிட எனக்கு இதில்தான் கவலை.

ஆகவே என் முன்மொழிவு: கூடத்தில் போட்டுப் பார்ப்பதற்கு ‘வீழ்ச்சிச் சோதனை’, விழுந்தபின் தேடுவதற்கு ‘ஊமையடிப் பரிசோதனை’. பொத்தானில் இடம் குறைவு என்பதால் அங்கே ‘அடி பார்’ என்று மட்டும் போடலாமா என்று யோசிக்கிறேன். ரொம்பப் பேச்சுவழக்காக இருக்கிறது என்றால் சொல்லுங்கள். ‘ஹிஞ்ச்’ என்பதற்கு முன்வைத்த ‘கீல்’ என்ற சொல்லுக்கு இதுவரை மறுப்பு வரவில்லை, அதை இன்றிரவே கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.