அம்மாவின் சேவைக்காலப் பணத்துக்கு லோயர் பிடிக்கத்தான் வேண்டுமா?

தலவாக்கலைப் பொடியன்:
அம்மா 31 வருடம் கொழுந்து பறித்துவிட்டு வேலையால் நின்று 14 மாதம். ஈபிஎஃப் (சேமலாப நிதி) வந்துவிட்டது, சேவைக்காலப் பணம், அதாவது பணிக்கொடை மட்டும் வரவில்லை. தோட்ட ஒபிசில் கேட்டால் "கொழும்பிலிருந்து வரணும்" என்கிறார்கள், தொழிற்சங்கத் தலைவரிடம் போனால் சந்தா கட்டினாயா என்று கேட்கிறார். சரி என்று டவுனில் ஒரு லோயரிடம் போனேன். மூன்று தடவை நடந்ததில் 15,000 ரூபா போனதுதான் மிச்சம், ஒரு கடிதம்கூட எழுதவில்லை. இந்த லோயர்மார் எல்லாம் நம்மைப் போன்ற ஆட்களுக்கும்தானா?

மஸ்கெலியா அக்கா:
தம்பி, இதுக்கு லோயரே தேவையில்லை. அதை உனக்குச் சொல்லாமல் காசு வாங்கினாரே, அவரைத்தான் கேட்கணும். 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு நின்று 30 நாளுக்குள் காசு கொடுக்கணும். நாள் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக எடுத்த சம்பளக் கணக்கில். அம்மாவுக்கு 434 நாள் சம்பளம் வரும். 12 மாதம் தாண்டிவிட்டதால் பிந்தினதுக்கு அதுக்கு மேல் நூற்றுக்கு 30 வீதமும் கேட்கலாம். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடு, தோட்டம் கட்டாவிட்டால் தொழில் ஆணையாளரே நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டு போவார். கொடுத்த கடிதத்தின் கொப்பியில் சீல் குத்தி வாங்காமல் திரும்பி வராதே!

லயன்வாசல்:
அக்கா சொல்வது சரி, ஆனால் வேலையை விட்டு நிறுத்தினால் அது வேறு கதை. ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகணும். தொழிற்சங்கக்காரரும் பேசலாம்தான், எங்கள் அப்பாவை நிறுத்தினபோது அவருக்காக வந்தது சட்ட உதவி ஆணைக்குழுவின் லோயர் அம்மா, காசு வாங்கவில்லை. முதல் தவணையில் எல்லாம் சிங்களத்தில் ஓடியது. அப்பா ஒன்றும் விளங்காமல் எல்லாத்துக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா எழும்பி, மொழிபெயர்ப்பு இல்லாமல் இவரை விசாரிக்க முடியாது, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது என்றார். அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் லீவு, தவணை தள்ளிப் போனது. பஸ்ஸில் வரும்போது முழுக்க அப்பா அந்த லோயர் அம்மாவைத் திட்டினார், ஒரு நாள் வீணாம். அடுத்த தவணையில்தான் மனுசன் வாயைத் திறந்து, "நான் களவெடுக்கல்ல ஐயா" என்று தமிழில் சொன்னார்.

மடுல்கலை:
எங்கள் பக்கத்து ரெலுகஸ் தோட்டத்தில் வேலை பழகிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரப் பொடியனை, தொழிலாளர் பக்கம் பேசினதுக்காக 1937ல் கவர்னர் நாடு கடத்தப் பார்த்தார். எச்.வி. பெரேரா காசு வாங்காமல் வாதாடி, உயர் நீதிமன்றத்தில் அவரை மீட்டார். ஆனால் நம் ஆட்களின் குடியுரிமை பறிபோனபின் கோடக்கன்பிள்ளையின் வாக்குரிமை வழக்கு அப்போதைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1953ல் தோற்றது. சட்டமே நமக்கு எதிராக எழுதப்பட்டால் எந்தக் கெட்டிக்கார லோயரும் என்ன செய்ய?

தலவாக்கலைப் பொடியன்:
இன்றைக்கு முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த தேதிக்கு அத்தாட்சி கேட்டார்கள், அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு பழைய சம்பளத் துண்டை எடுத்துத் தந்தார், நாலாக மடித்து ஓரமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. சீலும் வாங்கிவிட்டேன் அக்கா.