அக்ரிலிக் பெயின்ட்ல ரூமும் ஆளும் ஒண்ணா சேர மாட்டேங்குது, கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். ஜன்னல் பக்கத்துல நாற்காலியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கற மாதிரி ஒரு படம் போட்டுட்டு இருக்கேன், ரூமை பெரிய தட்டை பிரஷ்ல தைரியமா இழுத்துட்டேன், சுவர் ஆரஞ்சு, தரையில பச்சை நிழல், எனக்கே பிடிச்சிருக்கு. ஆனா மூஞ்சி வந்ததும் பயந்துபோய் சின்ன பிரஷ் எடுத்து மூக்கு, கண்ணுன்னு நோண்ட ஆரம்பிச்சுடறேன், கடைசில வேற படத்துலேர்ந்து வெட்டி ஒட்டின மாதிரி நிக்குது. பிரெஞ்சு ஓவியர் பியர் பொன்னார் ஆளை எதிர்ல வச்சு பெயின்ட் பண்ணாம ஸ்கெட்ச்சும் ஞாபகமும் வச்சே பண்ணுவாரு, அதனாலதான் அவர் படத்துல ஆளுங்க சுவரோட கரைஞ்சு போறாங்கன்னு தோணுது.

இன்னொரு தொல்லை, கலந்து வச்ச தோல் கலர் காஞ்சதும் ஒரு படி டார்க் ஆயிடுது (கலர் பொடியை பிடிச்சு வைக்கற பைண்டர் ஈரத்துல பால் மாதிரி இருந்து காஞ்சதும் தெளிஞ்சிடுது, காரணம் தெரியும், கணக்குதான் வரல). சீக்கிரம் காயாம இருக்க சேர்க்கற ரிடார்டர் வேற கூட ஊத்திட்டேன், இன்னும் பிசுபிசுங்குது.

நீங்க முகத்தை எந்த இடத்துல நிறுத்துவீங்க? சுவர் கலரையே கன்னத்து நிழல்லயும் போடலாமா, இல்ல மேல மெல்லிசா ஒரு கிளேஸ் (அடியில இருக்கறது தெரியற மாதிரி கலர் பூச்சு) அடிச்சு சேத்துடலாமா? மூஞ்சிய மூடிட்டு மறுபடி போடவும் ரெடி, நாலாவது தடவை ஆகும், அவ்ளோதான்.