பால்ரூம் நடன வகுப்பில் சேர எண்ணுகிறோம்: எந்த நடனத்தில் தொடங்குவது?

ஹாரோவாசி:
வணக்கம். நாங்கள் வடமேற்கு லண்டனில் வசிக்கும், ஐம்பது வயதைக் கடந்த தம்பதியர். அருகிலுள்ள தேவாலய மண்டபத்தில் வாரம் ஒரு மாலை நடைபெறும், இருவர் இணையாக ஆடும் பால்ரூம் நடனத்துக்கான தொடக்க வகுப்பில் சேரலாம் என்று எண்ணுகிறோம். என் மனைவி சிறுவயதில் பரதநாட்டியம் பயின்றவர். எனக்கோ கல்யாண வீடுகளில் ஓரமாக நின்று கைதட்டியதைத் தவிர வேறு அனுபவம் இல்லை. வால்ட்ஸ், சா சா சா இரண்டும் கற்பிப்பதாக விளம்பரம் சொல்கிறது. இவற்றுள் எதில் தொடங்குவது எளிது, தனிக் காலணி வாங்கித்தான் ஆக வேண்டுமா, வகுப்பில் இணையை மாற்றி மாற்றி ஆடச் சொல்வார்களா என்பவற்றை அனுபவமுள்ளோர் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்கும்படி என் மனைவி சொன்னார்.

தகிட:
வால்ட்ஸில் தொடங்குங்கள் என்பேன். நிமிடத்துக்கு 84 முதல் 90 துடிப்புகள் வரையான நிதானத்தில், மூன்று மூன்றாக எண்ணி ஆடும் நடனம் அது. உங்கள் மனைவியை ‘தகிட, தகிட’ என்று சொல்லச் சொல்லி, முதல் எழுத்தில் மட்டும் அழுத்தம் வைத்துக் கேட்டுப் பாருங்கள், தாளம் பிடிபட்டுவிடும். (இதே எண்ணிக்கையை ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் ஆடுவது வியன்னா வால்ட்ஸ். இப்போதைக்கு அதன் பக்கம் போக வேண்டாம்.)

முதல் சில வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே அடிப்படைதான் இருக்கும். இணையில் வழிகாட்டி ஆடும் நடத்துபவர் இடக்காலை முன்னே வைக்க, அவரைப் பின்பற்றி ஆடும் தொடர்பவர் வலக்காலைப் பின்னே வைப்பார். அடுத்த அடி பக்கவாட்டில் போகும். மூன்றாவதில் கால்கள் சேரும். சலிப்பூட்டினாலும் இதைக் கடந்து ஓட நினைக்காதீர்கள். உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழுமையாக மாற்றும் பழக்கம் இந்த மூன்று அடிகளுக்குள்தான் உருவாகிறது, அது கைவராதவர் அடுத்து எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் நடுமண்டபத்தில் நின்றுவிடுவார்.

பரதம் பயின்றவருக்குத் தாளஞானமும் அடவுகளை மனத்தில் நிறுத்தும் பழக்கமும் பெரிய பலம். ஆனால் அரைமண்டியில் அமர்ந்து, பாதங்களை வெளிப்புறம் திருப்பித் தட்டிப் பழகிய கால்களுக்கு, பாதங்களை நேராக வைத்துத் தரையை ஒட்டியபடியே நகர்வது தொடக்கத்தில் அந்நியமாக இருக்கும். தாளம் நன்கு அறிந்தவர் தொடர்பவராக ஆடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: நடத்துபவர் சற்றுப் பிந்தினாலும் இவர் தாமாகவே அடியெடுத்து அவரை இழுக்கத் தொடங்கிவிடுவார். உங்கள் வீட்டில் இது நிச்சயம் நடக்கும். ஒன்று, அவர் பொறுத்திருக்கப் பழக வேண்டும். இல்லையேல் அவரே நடத்துபவராக ஆடலாம், இன்று பல வகுப்புகளில் அதற்குத் தடையில்லை.

தேம்ஸ்கரை:
அம்மாவின் கேள்விக்கு என் பதில். தொடக்க வகுப்புகளில் இணை மாறுவது பரவலான வழக்கம்தான். தனியாக வருபவர்களுக்கும் ஆட இணை வேண்டும் என்பது ஒரு காரணம். ஒரே இருவர் எப்போதும் சேர்ந்து ஆடினால் ஒருவருடைய தவறுக்கு மற்றவர் வளைந்துகொடுத்தே பழகிவிடுவார் என்பது இன்னும் முக்கியமான காரணம். ஆயினும் நாங்கள் இருவர் மட்டுமே ஆடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நானறிந்த ஆசிரியர்கள் வற்புறுத்துவதில்லை. மற்றபடி, வால்ட்ஸில் நடத்துபவரின் வலக்கை தொடர்பவரின் இடது தோள்பட்டை எலும்பின் மேல்தான் இருக்கும், இடுப்பில் அன்று. தொடக்கநிலையில் இருவருக்கும் இடையே இடைவெளி விட்டே நிற்கச் சொல்வார்கள்.

சாசாப்பிரியன்:
தகிட அவர்களின் கருத்திலிருந்து மாறுபடுகிறேன். வால்ட்ஸ் மண்டபத்தைச் சுற்றி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகரும் நடனம். புதியவர் தம் கால்களையும் இணையையும் கவனிப்பதோடு, முன்னும் பின்னும் வரும் மற்ற இணைகள்மீது மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சா சா சாவை ஏறக்குறைய ஒரே இடத்தில் ஆடலாம், பாதையைப் பற்றிய கவலை இல்லை. ‘ஒன்று’ என்று தொடங்காமல் ‘இரண்டு, மூன்று’ என்று எண்ணத் தொடங்கி, நான்கிலிருந்து அடுத்த ஒன்றுக்குள் மூன்று சிறு அடிகளை வைக்கச் சொல்வதுதான் குழப்பும். வீட்டில் உங்களுக்குத் தாளம் போட ஆளிருக்கிறார், பிறகென்ன?

காலணிக்கு அவசரமில்லை. முதலில் தோல் அடியுள்ள, பாதத்தைக் கெட்டியாகப் பிடிக்கும் பழைய காலணி போதும். ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், திரும்பும்போது அது தரையைப் பற்றிக்கொள்வதால் முழங்கால் முறுக்கப்படும். ஐம்பதைக் கடந்த மூட்டுகளுக்கு அது ஆகாது. தொடர்ந்து ஆடுவோம் என்று உறுதியானபின் ஸ்வேட் (சொரசொரப்பான மென்தோல்) அடியுள்ள நடனக் காலணி வாங்கலாம். அதை அணிந்து தெருவில் இறங்காதீர்கள், லண்டன் மழையில் ஒருமுறை நனைந்தாலே அதன் மென்மை போய்விடும். வழவழப்பாகிப்போன அடியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம்.

ஹாரோவாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. இணை மாறாமல் ஆடுவதாகச் சொல்லிச் சேர்ந்துகொள்கிறோம். ஓரளவு பழகியபின் பிற்பகலில் தேநீரோடு நடக்கும் பொது நடனக் கூடல்களான தேநீர் நடனங்களுக்குப் போகலாமா?

தேம்ஸ்கரை:
தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே ‘சீக்வன்ஸ்’ நடனமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதில் மண்டபத்திலுள்ள அனைவரும் ஒரே அடித்தொடரை ஒரே நேரத்தில் ஆடுவார்கள், அத்தொடரை அறியாதவர் வால்ட்ஸ் நன்றாகத் தெரிந்திருந்தும் இடையில் மாட்டிக்கொள்வார். சீக்வன்ஸும், ஒவ்வோர் இணையும் தம் விருப்பப்படி ஆடும் நடனமும் கலந்து நடக்கும் இடமானால், சீக்வன்ஸ் வரும்போது தேநீர் குடிக்கலாம்.