ஜி41 போர்டில் 4 ஜிபி ராம் வேலை செய்யவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் கோர் 2 டுவோ, ஜி41 சிப்செட் போர்டு உள்ள பழைய டெஸ்க்டாப். 2 ஜிபி டிடிஆர்3 ராமில் ஓடுகிறது. குரோமில் நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்குகிறது என்று 4 ஜிபி ராம் ஒன்று வாங்கினேன். அதைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, பீப் சத்தம் வருகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பழைய ராமை மாட்டினால் ஒழுங்காக பூட் ஆகிறது.

ரப்பரால் தேய்த்துத் துடைத்தாயிற்று, ஸ்லாட் மாற்றியாயிற்று, போர்டின் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர சிமாஸ் பேட்டரியையும் கழற்றிப் போட்டாயிற்று. அதே புது ராம் பக்கத்து வீட்டு ஐ3 கணினியில் ஜோராக ஓடுகிறது!

என் சந்தேகம் இதுதான்: ஜி41 சிப்செட், 2 ஜிகாபிட் வரையுள்ள மெமரி சிப்களைத்தான் ஏற்கும். 4 ஜிபி என்றால் 32 ஜிகாபிட்; அப்படியானால் 4 ஜிபி ராமில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரே பக்கம், 8 சிப்தான்; அதாவது ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். கடைக்காரரோ "டிடிஆர்3 எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்கிறார்.

பயாஸ் (போர்டிலேயே இருக்கும், கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தால் இது சரியாகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. 16 சிப் ராம் போட்டு ஜி41 ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சென்னை ரிச்சி தெருவில் பழைய ராம் வாங்கினால் நம்பலாமா, இல்லை இன்னொரு 2 ஜிபி சேர்த்துச் சமாளிக்கலாமா?