குன்னூரைவிடச் சிறிய நாடு ஐ.நா. சபையில் என்ன செய்ய முடியும்? லிக்டென்ஸ்டைன் குறித்து ஒரு கேள்வி

கோத்தகிரி ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஐ.நா. சபை பற்றிய பாடம் நடத்தும்போது, பொதுச் சபையில் எந்த நாட்டுக்கும் ஒரே வாக்குதான் என்று சொன்னேன். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து சுவரில் தொங்கிய உலகப் படத்தின் அருகே போனாள். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில், பெயர் எழுத இடமில்லாததால் ஓர் எண்ணை மட்டும் அச்சிட்டு, பெயரை ஓரத்துப் பட்டியலில் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணை அவள் சுண்டுவிரலால் தொட்டபோது நாடே விரலுக்கு அடியில் மறைந்துபோனது. "இந்த லிக்டென்ஸ்டைனுக்கும் இந்தியாவுக்கும் ஒரே ஓட்டுதானா சார்? அதை வைத்து இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டாள். முதல் கேள்விக்கு ஆம் என்றேன். இரண்டாவது கேள்விக்கு அடுத்த வாரம் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த நாட்டின் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 40,000 பேர். நம் குன்னூர் நகராட்சியிலேயே 2011 கணக்கெடுப்பின்படி அதைவிட அதிகம் பேர் வாழ்ந்தார்கள். ஆயினும் சிரியப் போர்க்குற்றங்களுக்குச் சான்று திரட்டும் அமைப்பை 2016 இல் உருவாக்கியதிலும், பாதுகாப்பு அவையின் வீட்டோ அதிகாரம் (ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலே தீர்மானம் வீழ்ந்துவிடும் அதிகாரம்) குறித்த 2022 ஆம் ஆண்டுத் தீர்மானத்திலும் இந்த நாடே முன்னின்றது என்று படித்தேன். இது உண்மையான அக்கறையா, அல்லது வங்கிகளால் வந்த கெட்ட பெயரைத் துடைக்கும் முயற்சியா? என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள். மனித உரிமை என்ற சொல் அவர்களுக்குத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சொல் அன்று. அவர்களிடம் மிகைப்படுத்தாமல் பேச விரும்புகிறேன். தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குன்னூர் வாசகர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பன்னாட்டு அமைப்புகள் குறித்துத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அக்கறையா, தன்னலமா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால் இந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. லிக்டென்ஸ்டைன் 1868 இல் தன் படையைக் கலைத்தது; இன்றுவரை அதற்கு இராணுவம் இல்லை. 1920 இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, மிகச் சிறியது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 1938 இல் பக்கத்து ஆஸ்திரியாவை இட்லர் விழுங்கியதை எல்லைக்கு இந்தப்புறம் நின்று பார்த்த நாடு அது. ஐ.நா. சபையில் அதற்கு இடம் கிடைத்தது 1990 இல்தான். துப்பாக்கி இல்லாதவனுக்குச் சட்டம்தான் வேலி. அந்த வேலி யாருடைய நிலத்தில் சரிந்தாலும் தன் நிலத்துக்கும் ஆபத்து என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. நாடு நாட்டின்மீது படையெடுப்பதைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் வரம்புக்குள் கொண்டுவரும் திருத்தங்கள் 2010 இல் உகாண்டாவின் கம்பாலாவில் நிறைவேறியபோது, அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் லிக்டென்ஸ்டைனின் ஐ.நா. தூதர் கிறிஸ்டியன் வெனவேசர். அத்திருத்தங்களை 2012 இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்ததும் அவர் நாடே.

சிரியா விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகளுக்கு விளக்க ஏற்ற கதை அது. சிரியாவில் நடந்த கொடுமைகளைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் 2014 மே மாதம் பாதுகாப்பு அவைக்கு வந்தது. பதினைந்து உறுப்பினர்களில் 13 பேர் ஆதரித்தும், ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்ததால் அது வீழ்ந்தது. வாசல் அடைபட்டுவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட நிலையில், லிக்டென்ஸ்டைன் கத்தாருடன் சேர்ந்து வேறொரு வழியைத் தேடியது. பொதுச் சபையால் நீதிமன்றம் அமைக்க முடியாதுதான். ஆனால் சான்றுகளைத் திரட்டி, சரிபார்த்து, பாதுகாத்து, வழக்குக் கோப்புகளாக ஆயத்தம் செய்து வைக்கும் ஓர் அமைப்பை உருவாக்கலாம் அல்லவா? பொதுச் சபைக்கு அந்த அதிகாரமும் இல்லை என்று ரஷ்யா வாதிட்டது. அலெப்போ நகரம் வீழ்ந்துகொண்டிருந்த 2016 டிசம்பரில் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 105, எதிர்ப்பு 15, வாக்களிக்காதோர் 52. அவ்வாறு பிறந்த அமைப்பு இன்று ஜெனீவாவில் இயங்குகிறது. தொடக்கத்தில் நாடுகள் விரும்பிக் கொடுத்த நிதியில் நடந்தது. 2020 முதல் ஐ.நா.வின் வழக்கமான நிதியிலேயே நடக்கிறது.

அந்த அமைப்பு யாரையும் கைது செய்யாது, தண்டிக்காது. எந்த நாட்டு நீதிமன்றம் இத்தகைய வழக்கை எடுத்து நடத்துகிறதோ அதற்குச் சான்றுகளைக் கொடுத்து உதவும். சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதித்ததை வகுப்பில் சொல்லுங்கள். குற்றம் நடந்தது ஒரு நாட்டில், தீர்ப்பு வந்தது வேறொரு நாட்டில். இத்தகைய வழக்குகளுக்குத் தாள்கள் தேவை, சாட்சிகள் தேவை, அவற்றை அழியாமல் காக்கும் அலமாரியும் தேவை. அந்த அலமாரியைச் செய்ய வேண்டும் என்று முதலில் கேட்ட நாடுகளில் ஒன்று, மக்கள்தொகையில் குன்னூரை விடச் சிறியது.

வீட்டோ தீர்மானம் 2022 ஏப்ரல் 26 அன்று வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. பாதுகாப்பு அவையில் யாரேனும் வீட்டோ பயன்படுத்தினால், பத்து வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதுபற்றி விவாதிக்க வேண்டும். வீட்டோவை அது பறிக்கவில்லை. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர்களோடு அமெரிக்காவும் சேர்ந்திருந்தது; பின்னர் காசா தொடர்பாக அமெரிக்கா வீட்டோ செய்தபோதும் அதே விதிப்படி பொதுச் சபை கூடியது. ஆளுக்கேற்ப மாறாத விதி என்பதால்தான் எனக்கு இதன்மீது மதிப்பு.

கூடலூரிலிருந்து ஒரு வாசகி

குன்னூர் ஐயா எழுதியதை மிகுந்த மதிப்புடன் படித்தேன். ஆயினும் எனக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டி 1971 இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு கூடலூருக்கு வந்தவர். அவருடைய தகரப் பெட்டியின் அடியில் இன்றும் அந்தக் கடவுச்சீட்டு இருக்கிறது. புகைப்படத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது. மடியில் என் பெரியம்மா. பிறந்த ஊர் என்ற இடத்தில், இலங்கையின் தேயிலைத் தோட்ட ஊரான ஹட்டன் என்று எழுதியிருக்கும். ஹட்டனில் பிறந்தவரைத் "தாயகம் திரும்பியவர்" என்றார்கள். அதுவரை அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1964 ஒப்பந்தத்தில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். "எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வந்து எங்களை யாரும் கேட்கவில்லை" என்று பாட்டி இன்றும் சொல்வார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு லிக்டென்ஸ்டைனின் வரலாற்றைத் தேடியபோது, என்னை உலுக்கியது ஐ.நா. தீர்மானம் எதுவும் அன்று. 1945 மே மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. ஜெர்மன் தரப்பில் போரிட்ட ரஷ்யப் படையினர் ஏறத்தாழ 500 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, ஷெல்லன்பெர்க் என்ற எல்லை ஊர் வழியாக லிக்டென்ஸ்டைனுக்குள் வந்து அடைக்கலம் கேட்டார்கள். அவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பெரிய வல்லரசுகள் இத்தகையோரைப் பல்லாயிரக்கணக்கில் சோவியத் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், இந்தச் சிறு நாடு ஒப்படைக்க மறுத்தது. விரும்பிய சுமார் 200 பேர் திரும்பினார்கள். விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை; பிறகு பலர் அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று அவர்களிடம் கேட்டார்கள். என் பாட்டியிடம் இரண்டு பெரிய நாடுகள் கேட்காத கேள்வி அது.

என் தயக்கம் இதுதான். கோப்புகள் சேர்கின்றன என்கிறீர்கள். இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் நடந்தவற்றுக்கும் சான்று சேர்க்க 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை தீர்மானம் இயற்றியது. 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, 14 விலகி நின்றன. விலகியவற்றில் இந்தியாவும் ஒன்று. அதைக் கொண்டுவந்த குழுவில் மாண்டினீக்ரோ, வட மாசிடோனியா போன்ற சிறிய ஐரோப்பிய நாடுகள் இருந்தன. கடலுக்கு இப்பால் இருக்கும் நாம் விலகினோம். கணவரையும் பிள்ளைகளையும் தேடிக்கொண்டு வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரத்தில் படங்களோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அந்தக் கோப்பு எப்போது பயன்படும்? கேட்டவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் பேசும்போது இந்தக் காத்திருப்பையும் சொல்லுங்கள், ஆசிரியரே.

உதகை வழக்குரைஞர்

கூடலூர் சகோதரியின் பதிவைப் படித்த பிறகு, ஒரு வழக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடியுரிமைச் சட்டம் படித்த எவரும் அதை அறிவார்.

ஹாம்பர்க்கில் பிறந்த ஃபிரெட்ரிக் நோட்டபோம் 1905 முதல் குவாத்தமாலாவில் வாழ்ந்து, வணிகமும் தோட்டமுமாகச் செழித்தவர். 1939 அக்டோபரில், போர் தொடங்கிய மறுமாதம், லிக்டென்ஸ்டைனில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். மூன்றாண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தினார்கள். அவர் பெருந்தொகை செலுத்தினார். சில நாட்களில் குடிமகன் ஆனார். பின்னர் குவாத்தமாலா அவரை எதிரி நாட்டவராகக் கருதிச் சொத்துகளைப் பறித்தபோது, லிக்டென்ஸ்டைன் அவருக்காக, நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிக்கும் பன்னாட்டு நீதிமன்றம் சென்றது. 1955 இல் தோற்றது. குடியுரிமை என்பது வாழ்வாலும் உறவாலும் அமைந்த மெய்யான பிணைப்பின் சட்ட வடிவம், நோட்டபோமுக்கு அந்த நாட்டோடு அத்தகைய பிணைப்பு இல்லை என்றது நீதிமன்றம்.

இந்த அளவுகோலை மலையகத் தமிழர், அதாவது இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர், பக்கம் திருப்பிப் பாருங்கள். ஹட்டனில் பிறந்து, ஹட்டனில் கொழுந்து பறித்து, ஹட்டனிலேயே பெற்றோரைப் புதைத்தவர்களுக்கு அந்த மண்ணோடு இருந்ததைவிட மெய்யான பிணைப்பு வேறு எது? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. பணம் உள்ளவருக்குச் சில நாட்களில் கிடைத்த ஒன்று, மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு மலையகத்தாருக்காக எழுதப்பட்டதன்று; ஆனால் நான் அதைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆசிரியர் மிகைப்படுத்தாமல் பேச விரும்புவதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியே வீட்டோவுக்கு விளக்கம் கேட்கும் இந்த நாட்டில், உள்ளே நாட்டின் தலைவரான இளவரசருக்கு வீட்டோ உண்டு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையும் மக்கள் வாக்கெடுப்பில் வென்றதையும் அவர் ஒப்புதல் தராமல் நிறுத்தலாம். 2003 இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு இளவரசரின் அதிகாரம் கூடியபோது, ஐரோப்பிய அவைக்கு அரசியலமைப்புச் சட்ட ஆலோசனை சொல்லும் வெனிஸ் ஆணையம் கடுமையாகக் குறை கூறியது. 2012 இல் அந்த வீட்டோவைக் குறைக்க ஒரு வாக்கெடுப்பு நடந்தது; ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் இருப்பதே போதும் என்றார்கள். மக்களே தேர்ந்தது என்ற வாதம் உண்டு. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. ஒரு நீதிபதி தம் சட்டக் கருத்தைச் சொற்பொழிவில் வெளியிட்டதற்காக அவரை மீண்டும் பதவியில் அமர்த்த மாட்டேன் என்று இளவரசர் எழுதியதை, 1999 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கருத்துரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வந்தது 1984 இல், அதுவும் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில். இந்திரா காந்தி பலமுறை பிரதமராக இருந்துவிட்ட காலம் அது.

வங்கிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2008 இல் ஜெர்மானியர் பலரின் மறைமுகக் கணக்குகள் வெளிவந்து பெரும் அவமானம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே வரித் தகவல் பரிமாற்றத்தை அந்நாடு ஏற்றுக்கொண்டது. ஆனால் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான அதன் உழைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதால், எல்லாமே கறை துடைக்கும் வேலை என்பது பொருந்தாது. போர்க்காலத்தைப் பற்றி அவர்களே அமர்த்திய வரலாற்றாய்வுக் குழு 2005 இல் வெளியிட்ட அறிக்கையில், ஆஸ்திரியாவிலிருந்த இளவரசர் குடும்பத்துத் தோட்டங்களில் நாஜிகளின் ஸ்ட்ராஸ்ஹோஃப் முகாமின் யூதக் கைதிகள் வேலை வாங்கப்பட்டதைப் பதிவு செய்தது. கசப்பான அந்த உண்மையைத் தேடித் தங்கள் ஆவணங்களைத் தாங்களே திறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோத்தகிரி ஆசிரியர்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு வகுப்புக்குப் பதில் இரண்டு வகுப்புகள் எடுக்கத் தலைமை ஆசிரியரிடம் இன்று அனுமதி வாங்கிவிட்டேன். முதல் வகுப்பில் சிரியத் தீர்மானமும் வீட்டோ விதியும். இரண்டாவதில் 1945, 1948, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பிள்ளைகளையே பேசவிடப் போகிறேன். வீட்டில் பழைய கடவுச்சீட்டோ குடும்ப அட்டையோ இருந்தால், பெரியவர்களின் அனுமதியோடு பார்த்து, அதில் பிறந்த ஊர் என்னவென்று எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். கூடலூர் அம்மா சொன்ன காத்திருப்பையும் விடமாட்டேன்.

குன்னூர் ஐயாவிடம் ஒரே ஒரு ஐயம். பொதுச் சபை கூடும்போது, வீட்டோ செய்த நாடு எழுந்து விளக்கம் சொல்லியே ஆக வேண்டுமா? அந்த மாணவி இதைக் கட்டாயம் கேட்பாள்.

குன்னூர் வாசகர்

கட்டாயம் இல்லை, ஐயா. பேசுவோர் பட்டியலில் அந்த நாட்டுக்கு முதலிடம் கொடுக்கிறார்கள். எழுந்து பேசுவதும் பேசாதிருப்பதும் அதன் விருப்பம். வட கொரியா மீதான தடைகள் குறித்த தீர்மானத்தை 2022 மே மாதம் வீட்டோ செய்த ரஷ்யாவும் சீனாவும் ஜூன் 8 அன்று நடந்த முதல் விவாதத்திலேயே வந்து தம் தரப்பைச் சொல்லின.