மண்டபத்து ரெண்டு ஜென்செட்டையும் (ஜெனரேட்டர்) சேர்த்து ஓட்ட
(குடும்பக் குழு, வெள்ளி இரவு)

கதிர் 8:41
ரெண்டாவது செட் ரீவைண்டிங் முடிஞ்சு வந்து உக்காந்தாச்சு. கேபிளுக்குப் புது லக்கு (ஒயர் முனையை போல்ட்ல மாட்டுற வளையம்). ரெண்டும் 125 கேவிஏ. ஏசி, லைட்டு எல்லாம் சேர்ந்து 140 கிலோவாட். ஒரு செட் 100 கிலோவாட்தான் தாங்கும், பேரலல் பண்ணியே (ரெண்டையும் ஒரே லைன்ல சேர்த்தே) ஆகணும்.

அத்தை 8:43
ஞாயிறு முகூர்த்தம் 6 மணிக்கு. 4 மணிக்கே ஏசி ஓடணும்பா.

பெரியப்பா 8:46
லக்கு மாத்தினதால முதல்ல பேஸ் சீக்வென்ஸ் (ஆர், ஒய், பி மூணு பேஸும் வர்ற வரிசை) பாரு. சிங்க்ரோஸ்கோப்பை (ரெண்டு செட்டும் ஒத்துப்போகுதான்னு முள்ளால காட்டுற மீட்டர், ஒத்துப்போனா 12) மட்டும் நம்பாதே. அது ஒரு ஜோடி வோல்டேஜைத்தான் ஒப்பிடுது. ஒய், பி மாறிக் கிடந்தாலும் முள்ளு ஒழுங்கா 12-க்கு வரும்.

செந்தில் அண்ணன் 8:50
ரெண்டாவது செட்டைச் சேர்க்கிற பிரேக்கர் (பெரிய சுவிட்ச்) திறந்திருக்கும்போது அதுக்கு மேலேயும் கீழேயும் ஆர்-ஆர், ஒய்-ஒய், பி-பி நடுவுல பல்பு போடு கதிர். மூணு ஜோடியும் சேர்ந்து எரிஞ்சு சேர்ந்து அணைஞ்சா சீக்வென்ஸ் சரி. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சுத்தி வந்தா ரெண்டு பேஸ் மாறியிருக்கு. செட்டை நிறுத்து, பேட்டரி ஒயரைக் கழட்டு, அப்புறம் ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்குற பாகம்) பாக்ஸ்ல ஒய், பி-யை மாத்து. மாத்தினதும் மறுபடி பல்பு டெஸ்ட்.

கதிர் 8:52
சேர்ந்துதான் அணையுது, ஆனா முள்ளு 12-ல இல்லேன்னா?

பெரியப்பா 8:55
நல்ல கேள்வி. முள்ளு 4 இல்ல 8-ல இருக்கும்போது பல்பு அணைஞ்சா, மூணு பேஸும் ஒரு இடம் தள்ளி மாட்டியிருக்கு. சீக்வென்ஸ் மீட்டர் சரின்னுதான் காட்டும். சிங்க்ரோஸ்கோப் ஒயரை பிரேக்கர் முனையில எடுக்காம ஆல்டர்னேட்டர்ல எடுத்த பேனல்ல இது நடக்கும். அப்படியே முள்ளை நம்பி 12-ல பிரேக்கரை மூடினா 120 டிகிரி வித்தியாசம். இன்ஜினையும் ஆல்டர்னேட்டரையும் இணைக்கிற கப்ளிங் ரப்பர் கிழியும், எக்சைட்டர் டயோடு போகும், கிராங்க் ஷாஃப்டுக்கே ஆபத்து.

கதிர் 8:58
புரிஞ்சுது பெரியப்பா. மூடுற வரிசை?

செந்தில் அண்ணன் 9:04
முதல் செட்டை பஸ்ல (ரெண்டு செட்டும் சேருற பொது லைன்) ஏத்து, 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ரெண்டாவதை 5 நிமிஷம் சூடாக விடு. வோல்டேஜ் ஒண்ணாக்கு. வேகம் மட்டும் ஒரு துளி கூட, 50.1. முள்ளு கடிகாரம் போற பக்கமா 10 செகண்டுக்கு ஒரு சுத்து வரும். 12-ஐத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பட்டனை அமுக்கு. முள்ளு எதிர்ப்பக்கம் சுத்தினா புது செட் மெதுவா ஓடுதுன்னு அர்த்தம். மூடினா ரிவர்ஸ் பவர்ல (புது செட்டுக்குள்ளயே பவர் திரும்பிப் பாயுறது) டிரிப் ஆகலாம்.

பெரியப்பா 9:06
முள்ளு நகராம நின்னா மூடாதே. சிக்கிக்கிட்டும் நிக்கலாம். கவர்னரை (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துறது) கொஞ்சம் தொட்டு சுத்த விடு.

செந்தில் அண்ணன் 9:11
மூடினதும் சிங்க்ரோஸ்கோப் சுவிட்சை ஆஃப் பண்ணு, அது ரொம்ப நேரம் தாங்காது. அப்புறம் புது செட் கவர்னரை ஏத்து, பழசை இறக்கு, கிலோவாட்டைப் பாதிப் பாதியாப் பிரி. அடுத்து ஆம்பியர் பாரு. லோடு 200 ஆம்பியர் இழுக்கும்போது செட் ஒவ்வொண்ணும் 140 காட்டினா, மிச்சம் ரெண்டுக்கும் நடுவுல சும்மா சுத்துது. அதை கவர்னர் சரி பண்ணாது, ஏவிஆர் (வோல்டேஜைச் சீரா வைக்கிற கார்டு) வோல்டேஜ் டிரிம்லதான் கை வைக்கணும். டிரிம் பண்ணியும் ஒரு செட் கேவிஏஆர் (வேலை செய்யாம சும்மா சுத்துற பவர்) ஏறிக்கிட்டே போனா ட்ரூப் சிடி (அந்தப் பவரை ரெண்டு செட்டும் பங்கு போட உதவுற கரண்ட் சென்சார்) தலைகீழா மாட்டியிருக்கலாம். ரீவைண்டிங்குக்குக் கழட்டின இடம் அதுதான், முதல்ல அங்க பாரு.

கதிர் 9:14
சரிண்ணே. நாளைக்குக் காலையிலயே டெஸ்ட். பல்பு எத்தனை?

பெரியப்பா 9:17
6. ஒரு பேஸுக்கு ரெண்டு, சீரிஸ்ல. எதிரெதிரா வரும்போது 480 வோல்ட் கிடைக்கும், ஒத்தைப் பல்பு வெடிச்சிடும். எல்இடி வேண்டாம், குண்டு பல்பு. ஆறும் ஒரே வாட்ஸ், இல்லேன்னா சின்ன வாட்ஸ் பல்புதான் அதிக வோல்டேஜை வாங்கும்.

செந்தில் அண்ணன் 9:18
ரெண்டு செட்டும் நிக்கும்போதே ஒயரை மாட்டு. ஓடும்போது பிரேக்கர் முனையில கை வேண்டாம்.